முட்டை டாக்டர்

முட்டை கையில் கிடைத்தால் முதலில் ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்ப்பாள். திருப்புவாள். கட்டைவிரலால் ஓட்டை வருடுவாள். மயிரிழைக் கீறல் தெரிந்தாலும் "இது வாணலிக்கு" என்று தள்ளிவைத்துவிடுவாள். தேறியதைச் சும்மாடுபோல் சுருட்டிய ஈரத்துணியில் உட்காரவைத்து, குட்டி ட்ரில்லைக் கையில் எடுப்பாள். அப்புறம் வீடே இடிந்து விழுந்தாலும் அவளுக்குத் தெரியாது.

விஷயம் இதுதான். முட்டை ஓட்டில் பொட்டு அளவுக்குத் துளை போட வேண்டும். ஓட்டின் உட்புறம் ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வு கிழியக் கூடாது. மண்டையோட்டைத் துளைக்கிறபோது அடியிலிருக்கும் மூளையின் உறைமேல் பட்டுவிடாமல் கை சட்டென்று நிற்க வேண்டுமே, அதற்கான பயிற்சி. வசதியுள்ள ஊர்களில் இதற்கென்றே பொம்மை மண்டைகள் வைத்திருக்கிறார்களாம். இவளுக்குக் கோழி இட்டதுதான் மண்டை.

அரசு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் டாக்டராக இருக்கிறாள். ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர்கூட அவளை "முட்டை டாக்டர்" என்றுதான் சொல்வார். அவளுக்குக் கோபமே வராது. அந்தப் பெயரைக் கேட்டால் அவளுக்குப் பழைய விடுதி அறைதான் ஞாபகத்துக்கு வரும்.

பெயர் வைத்தவர்கள் அறைத்தோழிகள். ஒருத்தி நெட்டை. இன்னொருத்தி, குளிக்கும்போதும் பல் தேய்க்கும்போதும் பாடிக்கொண்டே இருந்ததால் பாட்டுக்காரி. மூவரும் மூளை அறுவைதான் படிப்பது என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். அவர்கள் கல்லூரியிலோ அதற்கு ஆளே கிடையாது! மாதம் ஒருமுறை வெளியூரிலிருந்து ஒரு சர்ஜன், கருவிப்பெட்டியைத் தானே சுமந்துகொண்டு பஸ்ஸில் வந்து இறங்குவார். அன்றைக்கு மூவரும் வகுப்புக்கு டிமிக்கி கொடுத்துவிட்டு அறுவைக்கூட வாசலில் தவம் கிடப்பார்கள். உள்ளே விட்டால் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்வார்கள். முட்டை யோசனை அவர் போகிறபோக்கில் சொன்னது. பிறகு அவர் வருவதும் நின்றுபோனது.

பழைய சாமான் கடையில் வாங்கிய ட்ரில் ஓடினால் அறையில் விளக்கு மங்கும். வார்டன் காலடி கேட்டால், சத்தம் அமுங்குவதற்காகப் பாட்டுக்காரி தொண்டை கிழியப் பாடுவாள். கிழிந்த முட்டையெல்லாம் ஆம்லெட். "மூணு பேரும் சேந்து ஒரு கோழிப் பண்ணையையே முழுங்கிட்டோம்டி" என்பாள் நெட்டை. முதன்முதலாகச் சவ்வு கிழியாமல் துளை விழுந்த அன்று கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். குதித்த குதியில் அந்த முட்டை மேஜையிலிருந்து உருண்டு தரையில் உடைந்தது. விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குக் கண் கலங்கிவிடும். அந்த நாள் இனி வருமா?

நெட்டை இப்போது கண் டாக்டர். பாட்டுக்காரி வெளிநாட்டில் ஸ்கேன் படம் பார்த்துச் சொல்கிறாள். "அதைப் படிச்சுட்டு வந்து நம்ம ஊர்ல என்னடி பண்ணுவ? மெஷினும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. உக்காந்து ஈ ஓட்டப் போறியா?" என்று நெட்டை போனில் கேட்டாள். கேட்டதில் தப்பொன்றும் இல்லை.

ஆனால் அந்தக் கொத்தனார் இருக்கிறாரே. சாரத்திலிருந்து விழுந்தவர், பேசிக்கொண்டேதான் வந்தார். "ஒரு டீ கிடைக்குமா டாக்டரம்மா?" என்றுகூடக் கேட்டார். ஸ்கேனில் பார்த்தால் மண்டையோட்டுக்கும் மூளையின் உறைக்கும் நடுவே ரத்தம் கட்டியிருந்தது. பெரிய ஊருக்கு ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பினாள். அவளால் முடிந்தது அவ்வளவுதான். வண்டி பாதி வழியிலேயே திரும்பி வந்தது. அன்றைக்குச் சோற்றைப் பிசைந்தபடியே அம்மாவிடம் சொன்னாள்: "ஒரே ஒரு ஓட்டைம்மா. போட ஆள் இருந்திருந்தா அந்த மனுஷன் இந்நேரம் டீ குடிச்சுட்டு இருப்பாரு." அம்மா கொஞ்சம் ரசம் ஊற்றினாள்.

அம்மா வீட்டிலேயே துணி தைக்கிறாள். அப்பா போனபிறகு இருவர் மட்டும்தான். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ட்ரில்லின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கிப் போட்டுவிட்டுப் போவது அம்மாவின் வழக்கம். "கரண்ட் பில்லை உன் கோழியா வந்து கட்டும்?" என்று ஒரு பாட்டும் உண்டு.

இந்த வருஷம் மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வில் நல்ல மதிப்பெண். உள்ளூர்க் கல்லூரியில் தோல் மருத்துவம் கிடைக்கும். ரயிலில் ஒரு ராத்திரியும் ஒரு பகலும் போனால் எட்டுகிற ஊரில் மூளை அறுவை கிடைக்கும். இரண்டில் ஒன்றை இன்று சாயங்காலத்துக்குள் போனில் அழுத்தியாக வேண்டும்.

"தோல் டாக்டர்னா பொழுது சாய வீட்டுக்கு வந்துடலாம்டி" என்று அம்மா காலையிலேயே ஆரம்பித்துவிட்டாள். பிறகு குரல் இறங்கியது. "ராத்திரில எனக்கு ஒண்ணுன்னா நான் யாரைக் கூப்பிடுவேன்?"

அம்மாவைத் தனியே விட்டுப் போக அவளுக்கு மனம் வரவில்லை. போனைக் கவிழ்த்து வைத்தாள். கை சும்மா இருக்குமா? ஒரு முட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்து, துணியில் உட்காரவைத்து, ட்ரில்லை அழுத்தினாள். ஓடவில்லை. வயர் வழக்கம்போலத் தரையில் கிடந்தது. ட்ரில்லைக் கீழே வைத்தாள்.

"தோலே எடுத்துக்கறேன்மா. விடு."

தையல் மெஷின் நின்றது. அம்மா எழுந்து வந்தாள். மகளையும் பார்த்தாள், ஈரத்துணியில் இருந்த முட்டையையும் பார்த்தாள்.

"அந்தக் கொத்தனாருக்கும் ஒரு அம்மா இருந்திருப்பாள்ல" என்றாள்.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து, தரையில் கிடந்த வயரை எடுத்து, சுவரில் சொருகி, ஸ்விட்சைப் போட்டாள்.