மாமா சொன்ன 'சீரியஸ்'

அலமாரியின் மேல்தட்டில் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்று பிரிக்காத பெட்டியோடு இருக்கிறது. ஷார்ஜாவில் வேலை பார்த்த காலத்தில், அங்குள்ள விமான நிலையத்தில் வாப்பாவுக்காக வாங்கியது. "சும்மாதான கெடக்கு, எனக்குக் குடேன்லே" என்று மாமா பலமுறை கேட்டும் நான் கொடுக்கவில்லை. அதை வாங்க வைத்ததே அவர்தான்.

"வாப்பா சீரியஸா இருக்காவ மருமவனே, ஒடனே கெளம்பி வா" என்று போன் செய்தார். சீரியஸ் என்றால் உயிர் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்று விமானம் முழுக்க யோசித்துக்கொண்டே வந்தேன். திருவனந்தபுரத்தில் காரோடு நின்ற மாமாவிடம், வாப்பாவோடு பேச வேண்டும் என்றேன். "தூங்குதாவ" என்றார். புளியறையில் வண்டியை நிறுத்தி, "வயித்துக்கு எதாவது போட்டுக்க" என்று புரோட்டா வாங்கித் தந்தார். தின்றேன். இன்று நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. தென்காசியில் எங்கள் தெருவுக்குள் கார் திரும்பியபோது சாரலுக்குத் தார்ப்பாய் கட்டி நாற்காலி போட்டிருந்தார்கள். வாப்பா மவுத்தாகி, அடக்கமும் முடிந்திருந்தது. அடக்கம் முடித்த கையோடுதான் மாமா என்னை அழைக்க வந்திருக்கிறார்.

வளைகுடாவில் பிள்ளை இருக்கும் வீடுகளில் இதுதான் வழக்கம். சாவை யாரும் போனில் சொல்வதில்லை, சீரியஸ் என்பார்கள். ஊர் வாட்ஸ்அப் குழுவில்கூட ஒருவரும் வாய் திறக்கவில்லை. இந்த வழக்கம் எனக்குத் தெரியாததல்ல. ஆனால் நம் வீட்டுக்கென்று வரும்போது நம்பத்தான் தோன்றுகிறது. ஆத்திரத்தில் ஒருநாள் அகராதியைப் புரட்டினேன். லத்தீனிலிருந்து வந்த சொல்லாம். கனமானது, விளையாட்டல்லாதது என்று பொருளாம். குற்றாலத்தில் குளிக்கிற பையன்கள் "சீரியஸாவா?" என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் கையெழுத்து வாங்கும்போதும் அதே சொல்தான். இறந்துவிட்டார் என்ற பொருள் மட்டும் எந்த அகராதியிலும் இல்லை. "நெசத்தச் சொன்னா பிளைட்ல தனியா என்ன பாடு படுவ?" என்று கேட்டார் மாமா. பட்டிருப்பேன். அழுதிருப்பேன். வேண்டாமென்று முடிவு செய்ய இவர்கள் யார்?

போன வாரம் மாமாவே போய்விட்டார். துபாயில் இருக்கும் அவர் மகனுக்குச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. "சீரியஸ்னு மட்டும் சொல்லுப்பா" என்று மாமி அழுதுகொண்டே போனை நீட்டினார். வாங்கிக்கொண்டு பக்கத்திலிருக்கும் என் வீட்டுக்கு வந்தேன். அலமாரி முன்னால் நின்றேன். பெட்டி அங்கேயே இருந்தது.

எடுத்ததுமே, "மச்சான், வாப்பாக்கு என்ன? சீரியஸா?" என்றான்.

"இல்ல மாப்ள. மவுத்தாயிட்டாவ. அங்கனயே உக்காந்து அழு. நான் போன வைக்க மாட்டேன்."