புத்தகத்தில் மூன்று முயல்கள்

காலை பத்து நாற்பதுக்கு அந்தப் பச்சை ஜீப் மேட்டில் ஏறி வந்தபோதுதான் எல்லாம் பிழையாகப் போகத் தொடங்கியது.

அதுவரை வியப்பிலேயே இருந்தேன். 1997 ஒக்டோபர், ஒரு சனிக்கிழமை. பலேர்மோ நகரின் சீசா பகுதியிலிருந்து ஐந்தரைக்கு முயல் வேட்டைக்குப் புறப்பட்டோம்: நான், மகள் ஜெசிந்தா, அவள் வேலை செய்யும் வீட்டு முதலாளி, அவருடைய நாய். வழியில் மூன்று காப்பி, மூவாயிரத்து அறுநூறு லீரா. தெற்கே ஐம்பது கிலோமீற்றர் போனதும் விடிந்தது. புசாம்ப்ரா மலை ஒரே சாம்பல் பாறையாக வானத்தை அடைத்து நின்றது. மன்னாரின் தட்டை நிலத்தில் ஐம்பது வருடம் வாழ்ந்த எனக்கு அண்ணாந்து பார்த்தே கழுத்து வலித்தது.

அதைவிட வியப்பு, ஒரு சிறு புத்தகம். வேட்டைக்காரர் சுட்டதை உடனே அதில் குறிக்கவேண்டும். பருவம் முடிய அரசாங்கத்திடம் ஒப்படைக்கவேண்டும். முதலாளி வாசிக்கும் கண்ணாடியை மறந்து வந்திருந்தார்.

"முயல் தெரியுதாம், எழுத்துத்தான் தெரியேல்லையாம்," என்று ஜெசிந்தா சிரித்தபடி அவருக்காகக் குறித்தாள். சுட்டது மூன்று முயல், பெருக்கல் குறியாக மூன்று புள்ளடி. காட்டு முயலுக்கும் கணக்கு வைக்கும் நாடு! எங்கள் பக்கத்தில் மனிதர் காணாமற்போனாலும் எழுதிக்கொள்ள ஆளில்லை.

முயல் பையைக் காரருகே என்னிடம் விட்டுவிட்டு இருவரும் மறுபடி மேலே போனார்கள். அப்போதுதான் ஜீப். சீருடைகள். குறைவாக இருந்தால் நல்லதென்று, ஒரு முயலைச் சாப்பாட்டுக் கூடைக்குள் துணிக்கடியில் தள்ளிவிட்டேன்.

வேட்டைக் காவலர் இருவர் பையில் இரண்டு எண்ணினார்கள். இறங்கி வந்த முதலாளி நீட்டிய புத்தகத்தில் மூன்று.

"அம்மா, மூண்டெல்லோ தந்தனாங்கள்? மற்றது எங்கை?"

புள்ளடி போட்டது யாரென்று கேட்டு, ஒரு காவலர் ஜெசிந்தாவின் பெயரை எழுதத் தொடங்கினார். அவளுடைய பெர்மெஸ்ஸோ, அந்த வதிவிட அனுமதி, புதுப்பிக்கப்படாமல் பொலிசில் கிடந்தது. கள்ளக்கணக்கு எழுதினாள் என்று ஒரு வரி போனால் போதும். கூடையைத் திறந்தேன்.

"ஐயோ அம்மா! ஆர் உங்களை ஒளிக்கச் சொன்னது?"

"சீருடையைக் கண்டவுடனை கை தானா ஒளிச்சுப்போட்டுது, பிள்ளை."

"இதென்ன மன்னாரிலை ஆமி மறிக்கிற சென்றியே?"

மகள் சொன்ன விளக்கத்தைக் காவலர் நம்பவில்லை. ரேடியோவில் மேலதிகாரியை அழைத்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தோம். முதலாளி நாய்க்கும் எனக்குமாகப் பாணைப் பிய்த்துத் தந்தார். நாய் சாப்பிட்டது.

பன்னிரண்டேகாலுக்கு மேலதிகாரி வந்தார். முயல்களை எண்ணினார், புள்ளடிகளை எண்ணினார். நான் ஏன் ஒளித்தேன் என்று மகள் விளக்கியதைத் தொப்பியைக் கழற்றிப் பிடித்தபடி கேட்டார். பிறகு காவலர் எழுதிய தாளை மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, புத்தகத்தை முதலாளியிடம் திருப்பித் தந்து ஏதோ சொன்னார். ஜெசிந்தா தமிழில் தந்தாள்:

"கூடச் சுட்டிட்டுக் குறிக்காமல் ஒளிக்கிறவையை நெடுகப் பிடிக்கிறாராம். சரியாக் குறிச்சுப்போட்டு ஒளிச்ச ஆளை இண்டைக்குத்தான் பாக்கிறாராம், அம்மா."