சிரிக்காமல் போன பேய்

எங்கள் ஸ்டுடியோவில் செத்தவர்களைத் தயார் செய்தது பவுடர் அக்கா. சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். நாட்டில் சண்டை மூளும் முன்னால் கதாநாயகிகளின் கன்னத்தைச் சிவக்க வைத்தவள், சண்டை வந்த பிறகு பேய்களின் கன்னத்தை ஒட்ட வைத்தாள். நான் உடைப் பகுதி. அவள் முகத்தைச் சாகடிப்பாள், நான் சட்டையைக் கிழித்துக் கரி பூசுவேன். இரண்டு பேருக்கும் ஒரே அறை, ஒரே கண்ணாடி.

சண்டைக் காலத்தில் நாங்கள் வரிசையாகப் பேய்ப்படம் எடுத்ததற்குக் கலை ஒன்றும் காரணம் இல்லை. பெரிய நடிகர்களெல்லாம் வெளிநாட்டுக்குக் கம்பி நீட்டிவிட்டார்கள். பேய்க்கு யார் முகமும் போதும். இடிந்த வீடு வேண்டுமென்றால் தெருமுனைக்குப் போனால் போதும், குண்டு போட்டுத் தயாராக வைத்திருக்கிறார்கள். "எதிரி நமக்கு ஓசியிலயே செட் போட்டுத் தர்றான்" என்று டைரக்டர் பெருமையடித்துக்கொள்வார். வாயில் நல்லது வராத மனுஷன்.

அதில் வேலை போனது செட் போடும் தச்சருக்கு. அவர்தான் அக்காவின் வீட்டுக்காரர். வேலையில்லாத மனுஷன் காலையிலேயே எங்கள் அறைக்கு வந்து, ஆடாத நாற்காலியைக்கூட ஆடுகிறது என்று சொல்லி ஆணி அடிப்பார். தொல்லை பொறுக்காமல் அக்காவே போய்ச் சொன்னாள்: "சார், இவரை ஒரு பேயாப் போட்டுக்கங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

செத்த சிப்பாய் வேஷம் கிடைத்தது. தான் செத்தது தெரியாமல் வீட்டுக்குத் திரும்பி வந்து, கதவருகே நின்று உள்ளே பார்க்க வேண்டும். வசனம் கிடையாது. அக்கா அவர் கண்ணைச் சுற்றி மை இழுக்கும்போது, "கல்யாணம் ஆனதிலேர்ந்து இப்பதான் என்னை இவ்வளவு நேரம் உத்துப் பாக்குறே" என்றார். "வாயை மூடுங்க, உதடு கலையுது" என்றாள் அவள்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பிணமாகவோ பேயாகவோ நடித்தவர், முகத்தைத் துடைக்கும் முன்னால் கேமராவைப் பார்த்து ஒரு தரம் சிரித்துவிட்டுப் போக வேண்டும். சாவு ஒட்டிக்கொள்ளக் கூடாது அல்லவா? எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் சிரிக்காமல் இறங்க ஒருத்தரையும் விட்டதும் கிடையாது.

அன்றைக்கு "கட்" சொன்ன கையோடு சைரன் ஊதியது. எல்லோரும் நிலவறைக்கு விழுந்தடித்து ஓடினோம். அங்கே இருட்டில், இருக்கிற பதற்றத்தில், அக்காவே ஈரத் துணியால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள். மேலே வந்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. "அதனால என்ன, நாளைக்கு வந்து சிரிச்சுட்டாப் போச்சு" என்றார் தச்சர். மறுநாள் படப்பிடிப்பு இல்லை. அந்த வாரமே அவரைப் படைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அப்புறம் ஒரு தகவலும் இல்லை.

அக்கா டைரக்டரைப் பிடித்துக்கொண்டாள். தச்சர் திரும்பி வந்து சிரிக்கும் வரைக்கும் அந்த ஷாட் வெளியே போகக் கூடாது என்றாள்.

"அதை எடுத்துட்டா படத்துல என்னம்மா மிச்சம்? வெறும் கதவுதான்."

"கதவு இருக்கட்டும் சார். ஆள் வரட்டும்."

தினமும் சாப்பாட்டு நேரத்தில் எடிட்டிங் அறை வாசலில் போய் நிற்பாள். சண்டை போட மாட்டாள், நிற்பாள், அவ்வளவுதான். டைரக்டரும் உள்ளுக்குள் பயந்தாங்கொள்ளி, படத்தைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார். திடீரென்று ஒருநாள் அவளே, "போட்டுக்கங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தாள். ஒருவழியாக மனசு தேறிவிட்டாள் என்று நினைத்தேன். வேலையில் குறை இல்லை. ஸ்பஞ்சைக் கழுவினால் மட்டும், தண்ணீர் தெளிந்த பிறகும் கழுவிக்கொண்டே இருப்பாள். நான்தான் குழாயை மூட வேண்டும்.

படம் பகல் காட்சியாக மட்டும் ஓடியது. கூட்டம் வந்தது. கூட்டத்தோடு ஒரு அம்மாவும் வந்தார், நேராக ஸ்டுடியோ வாசலுக்கு. கதவருகே நிற்கிற பையன் தன் மகன் என்றார். சண்டை தொடங்கியபோது காணாமல் போனவனாம். படத்தில் நடித்திருக்கிறான் என்றால் உயிரோடுதானே இருக்கிறான், எங்கே இருக்கிறான், அதை மட்டும் சொல்லுங்கள் போதும் என்றார்.

அத்தனை வெள்ளைப் பூச்சுக்கும் மைக்கும் அடியில் யாருக்கு வயசு தெரியும்? அது வேறு ஆள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அக்கா வந்து அந்த அம்மாவை மேக்கப் நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"நீதான் அவனுக்குப் பூச்சு போட்டியாம்மா?"

"நான்தாம்மா."

"இடது காதுகிட்ட ஒரு தழும்பு இருந்துதா?"

அக்கா பவுடர் டப்பாவை மூடி வைத்தாள். "இருந்துது. நான்தான் பூசி மறைச்சேன்."

"சாப்பிட்டானா?"

"நல்லா சாப்பிட்டான். ரெண்டாந்தரமும் கேட்டு வாங்கிக்கிட்டான்."

"சிரிச்சானா? வீட்டுல எப்பவும் உர்ருனுதான் இருப்பான்."

"சிரிச்சான்மா. கேமராவைப் பாத்து வாய் நிறையச் சிரிச்சான். அப்புறம் வேற ஊருக்கு வேலைக்குப் போறேன்னு கிளம்பிட்டான்."

அந்த அம்மா அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். போகும்போது நடையே மாறியிருந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏன்க்கா இப்படி வாய் கூசாமப் பொய் சொன்னீங்க? அந்த அம்மா இனி காலம் பூரா வாசலைப் பாத்துக்கிட்டு இருக்குமே! நாளைக்கே உங்க வீட்டுக்காரர் வந்து நின்னா என்ன சொல்லுவீங்க?"

அக்கா ஸ்பஞ்சை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.

"அவர் வர மாட்டாருடி. படையில கூட இருந்த பையன் வந்து சொல்லிட்டான், அவன் கையாலதான் புதைச்சானாம். படத்தைப் போட்டுக்கங்கன்னு சொன்னேனே, அதுக்கு முந்தின நாள்."

நான் குழாயை மூடவில்லை.

"என் வீட்டுலதான் இல்லைன்னு ஆயிடுச்சு" என்றாள். "அந்த முகம் யாரோ ஒருத்தர் வீட்டுலயாவது உயிரோட இருந்துட்டுப் போகட்டும்."