திருவாதிரையன்னிக்கு வக்கீலம்மா சொன்னது

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். முன்னாடியே சொல்லிடறேன், அப்புறம் யாரும் கோச்சுக்கக் கூடாது. ஸ்ரீபெரும்புதூர் கோர்ட்டுக்கு எதிர்ல ஒரு ஜெராக்ஸ் கடை. அதுக்கு உள்ளாற ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், நான். மீனம்மாள் ஜாப் டைப்பிங்னு போர்டுல எழுதியிருக்கும். பதினெட்டு வருஷமா வக்கீலுங்க சொல்லச் சொல்ல அடிச்சுக் குடுக்கறேன். எவ்வளவோ பொய்ய அடிச்சிருக்கேன், ராத்திரி வூட்டுக்குப் போய் நல்லாதான் தூங்கியிருக்கேன். ஒரே ஒரு பேப்பர் மட்டும் இன்னும் உறுத்திக்கினே கீது.

அதச் சொல்லணும்னா பத்மாசினி வக்கீலம்மாவைச் சொல்லணும். கோவில் தெருக்காரங்க. அவங்கப்பா கோவில்ல பிரபந்தம் சேவிச்சவரு. இவங்க சட்டம் படிச்சுட்டு மெட்ராஸ் ஹைகோர்ட்டுல பதினாலு வருஷம் ஒரு பெரிய வக்கீல்கிட்ட ஜூனியரா இருந்தாங்க. அப்பா போனதும் அம்மாவுக்குத் துணை வேணும்னு, நாப்பது வயசுல, ஊரோட வந்துட்டாங்க. ஜெராக்ஸ் கடைக்கு மேல ஒரு ரூம் புடிச்சு போர்டு மாட்டினாங்க. நான்தான் ஸ்டூல் மேல ஏறி ஆணி அடிச்சேன்.

முதல் வருஷம் வந்தவங்க பூராவும் அவங்க தெரு ஆளுங்க. வாரிசு சான்றிதழ், மதில் சுவர் தகராறு, மருமக மேல புகார். நம்மாத்துப் பொண்ணுதானேன்னு வருவாங்க, காபி குடிப்பாங்க, போயிடுவாங்க. எனக்குப் பத்திக்கினு வரும். ஒரு வாட்டி கேட்டே புட்டேன், இதுக்கா மேடம் ஹைகோர்ட்ட வுட்டு வந்தீங்கன்னு. சிரிச்சாங்க. அங்க நான் பத்தோட பதினொண்ணு மீனம்மா, இங்க நான் பேசினா ஒருத்தருக்காவது ஏதாவது நடக்கும்னாங்க. நான் நம்பினேன். இப்பவும் அந்த மனுஷி மேல எனக்குக் கோவம் வரும், ஆனா மரியாதை போகல.

போன ஆடியில தங்கமாரி வந்துச்சு. சங்கரன்கோவில் பக்கத்துப் பொண்ணு. குன்றத்தூர்ல ஒரு ரூம் எடுத்து அக்கா கனகலட்சுமியோட தங்கியிருந்துச்சு. இடது கையைத் துப்பட்டாவுக்குள்ள வெச்சுக்கினே மாடி ஏறுச்சு. வல்லம் வடகால்ல காருக்குத் தகரம் அடிக்கிற ஒரு கம்பெனி. காண்ட்ராக்ட் வேலை. ரெண்டாவது ஷிப்ட்டுல பிரஸ் மிஷின் எறங்கி, பெருவிரலும் பக்கத்து ரெண்டு விரலும் போயிடுச்சு. ஆஸ்பத்திரிச் செலவு மட்டும் பண்ணிட்டு, காண்ட்ராக்டர் இனிமே வராதேன்னு சொல்லிட்டானாம்.

இதுல சிக்கல் இன்னான்னா, கம்பெனிக் கணக்குல தங்கமாரின்னு ஒரு ஆளே கெடையாது. வேலைக்குச் சேரும்போது அந்தப் பொண்ணுக்குப் பதினெட்டு ஆக அஞ்சு மாசம் பாக்கி. உன் அக்கா ஆதாரைக் கொண்டா, யாரு பாக்கப் போறான்னு காண்ட்ராக்டரே சொல்லியிருக்கான். ரெண்டு பேருக்கும் ஒரே ஜாடை. கேட் பாஸ் கனகலட்சுமி பேருல. வருகைப் பதிவு கனகலட்சுமி பேருல. அடிபட்டதும் பாஸைப் பாத்து ஆஸ்பத்திரியில எழுதினதும் கனகலட்சுமி பேருலதான். பி.எஃப். இ.எஸ்.ஐ. எதுவும் புடிக்கல, அதனால ஆள் மாறினது எங்கியும் மாட்டல. நெஜமான கனகலட்சுமியோ ஒரகடத்துல வேற ஒரு கம்பெனியில, பத்து விரலோட, பேக்கிங் லைன்ல நின்னுக்கினு கீறா. அவளைப் பர்மனென்ட் பண்ணப் போறாங்கன்னு வேற பேச்சு. ஊர்ல படுத்த படுக்கையா கெடக்கிற அம்மாவுக்கு அவ சம்பளம்தான்.

ஆக, கேஸே ஒண்ணுதான். நசுங்கினது தங்கமாரி கைதான்னு நிரூபிக்கணும். அது நின்னாதான் நஷ்டஈடு, செயற்கை விரல், மேற்கொண்டு ஒரு பொழப்பு எல்லாம்.

வக்கீலம்மா ரெண்டு நாள் யோசிச்சாங்க. ஆள் மாறாட்டத்த மறைக்காம மனுவுல நாமே சொல்லிடுவோம், சின்னப் பொண்ணுன்னு தெரிஞ்சே மிஷின்ல நிக்க வெச்சது அவங்க தப்புன்னு திருப்புவோம்னாங்க. சாட்சிக்கு அய்யாத்துரைன்னு ஒரு பையன் இருந்தான். அதே லைன், அதே ஊர்ப் பக்கம், மிஷின்லேந்து அவளைத் தூக்கினவன். வந்து சொல்றேன்னான். மிஷினுக்கு மேல கேமரா இருக்குன்னும் சொன்னான். பதிவ அழிக்கக் கூடாதுன்னு முதல் நாளே உத்தரவு கேட்டு வாங்கணும், அது வரைக்கும் இந்த ஆதார் விஷயம் நம்ம அஞ்சு பேரைத் தவிர ஒரு ஈ காக்காய்க்குத் தெரியக்கூடாதுன்னு அந்தப் பொண்ணுகிட்ட வெரல நீட்டிச் சொன்னாங்க. நான் பக்கத்துலதான் இருந்தேன்.

வெள்ளிக்கெழம மனு ரெடி. பதினோரு பக்கம், ஒரு தப்பு இல்லாம அடிச்சேன். தங்கமாரி படிச்சுப் பாத்துட்டு, எம் பேரு போட்டு இம்புட்டு எழுதினது இதான் முதல் தடவன்னு சொல்லுச்சு. மனுவுலயும் வக்காலத்துலயும் கையெழுத்தெல்லாம் திங்கக்கெழம காலையில போட்டுக்கலாம்னு வக்கீலம்மா கட்டி வெச்சாங்க.

நடுவுல ஞாயித்துக்கெழம திருவாதிரை வந்துச்சு.

எங்க ஊர்ல அவதரிச்ச உடையவரோட நட்சத்திரம் அது. மாசா மாசம் கோவில்ல விசேஷம். பிரபந்தம் சேவிக்கிற கோஷ்டி முடிஞ்சு, தீர்த்தம் சடாரி ஆகி, தொன்னையில புளியோதரை வாங்கிக்கினு மண்டபத்துல அங்கங்க நின்னு பேசுவாங்க. அந்தத் தெருக்காரங்களுக்கு அதுதான் பஞ்சாயத்து. சொத்துத் தகராறு, நின்னு போன கல்யாணம், பேச்சு வார்த்தை இல்லாத அண்ணன் தம்பி, எல்லாத்தையும் அங்கதான் பேசித் தீப்பாங்களாம். அங்க சொன்னது வெளிய போகாதுன்னு ஒரு நம்பிக்கை. வக்கீலம்மா பாவாடை கட்டின வயசுலேந்து அதைப் பாத்து வளந்தவங்க.

அந்தக் கம்பெனியில எச்.ஆர். தலைவரா இருக்கிறவரு நாராயண், வக்கீலம்மாவோட பெரியப்பா பையன். கோஷ்டியில முன் வரிசை. எனக்கு அது அப்ப தெரியாது. தெரிஞ்சிருந்தா சனிக்கெழமயே அவங்க காலுல வுழுந்து கோவிலுக்குப் போவாதீங்கன்னு சொல்லியிருப்பேன்.

போனாங்க. சொன்னாங்க. பேரு மாறினது, வயசு, அய்யாத்துரை, கேமரா, எல்லாத்தையும் சொன்னாங்க. கோர்ட்டு வரைக்கும் போனா அந்தப் பொண்ணு மூணு வருஷம் அலையணும், அண்ணா நெனச்சா உள்ளுக்குள்ளயே பேசி ஒரு வழி பண்ணிடலாமேன்னு அவங்க கணக்கு. அவரு முழுசா கேட்டுட்டு, "கவலைப்படாதே பத்மா, மனுவெல்லாம் இப்போ போடாதே, நான் பாத்துக்கறேன்"னு சொன்னாராம். சொல்லும்போது கண்ணு கலங்கியிருந்துச்சாம்.

திங்கக்கெழம மனு போகல. ஏன் மேடம்னு கேட்டேன், ஒரு வாரம் பொறு மீனம்மான்னாங்க. மூஞ்சி பூரா சந்தோஷம்.

அந்த ஒரு வாரத்துல எல்லாம் முடிஞ்சு போச்சு. செவ்வாக்கெழம அய்யாத்துரையை வேற மாநிலத்துல இருக்கிற யூனிட்டுக்கு ரயில் ஏத்திட்டாங்க, அவன் போன் எடுக்கல. வியாழக்கெழம கேமரா ரிப்பேர், அந்த மாசத்துப் பதிவே இல்லன்னு காத்து வழியா சேதி வந்துச்சு. சனிக்கெழம கம்பெனி வக்கீல்கிட்டேந்து நோட்டீஸ். யாருக்குன்னு நெனைக்கிறீங்க? கனகலட்சுமிக்கு. உன் ஆதாரைக் குடுத்து ஆள் மாறாட்டம் பண்ணி கம்பெனியை ஏமாத்தியிருக்கே, போலீசுல புகார் குடுப்போம், நீ இப்ப வேலை செய்யற எடத்துக்கும் எழுதுவோம்னு. அந்த விஷயம் வெளிய போறதுக்கு மண்டபத்த வுட்டா வேற வழியே கெடையாது.

வக்கீலம்மா நேரா அவரு வூட்டுக்குப் போனாங்க. அவரு சத்தம் போடலியாம், ஊஞ்சல்ல உக்காரச் சொன்னாராம். "நீ எங்கிட்ட வக்கீலா வந்து சொன்னியா, தங்கையா சொன்னியா? எனக்கும் சம்பளம் குடுக்கறவா இருக்கா பத்மா. தெரிஞ்சப்புறம் தெரியாத மாதிரி என்னால இருக்க முடியாது." அவ்வளவுதான். திரும்பி வந்து என் மேஜைக்கு எதிர்ல உக்காந்து, நான் ஒரு கட்சிக்காரியோட ரகசியத்தப் புளியோதரைக்கு வித்துட்டு வந்திருக்கேன் மீனம்மான்னு அழுதாங்க. எனக்கு அவங்கள நாலு வார்த்தை கேக்கணும்னு நாக்கு துடிச்சுது. தண்ணி குடுத்தேன்.

அப்புறமும் வுடல அவங்க. தங்கமாரியைக் கூப்புட்டு, எந்தப் பூச்சும் இல்லாம, என்னாலதான் இது கெட்டுதுன்னு சொன்னாங்க. வேற வக்கீல்கிட்ட வேணும்னாலும் போ, நானே கூட்டிக்கினு போறேன், தைச்ச டாக்டரு உன் மூஞ்சியை அடையாளம் சொல்லுவாரு, இப்பவும் போராடலாம்னாங்க. அந்தப் பொண்ணு தலையைக் குனிஞ்சுக்கினே கேட்டுச்சு.

"நீங்க நல்லதுக்குத்தான மேடம் சொன்னிய. எனக்கு விரலு போனது போனதுதான். கனகக்கா வேலையும் போச்சுன்னா அம்மைக்கு யாரு இருக்கா?"

திட்டியிருந்தா கூட வக்கீலம்மா தாங்கியிருப்பாங்க.

கம்பெனி கேட்டது ஒரே ஒரு பேப்பர். தங்கமாரியாகிய நான் அந்தக் கம்பெனியில எப்பவும் வேலை பாத்ததில்ல, என் கை எங்க ஊர்ல மாட்டுக்குச் சோளத்தட்டை வெட்டுற மிஷின்ல மாட்டினதுன்னு ஒரு பிரமாண வாக்குமூலம். அது வந்துட்டா கனகலட்சுமி மேல புகார் இல்ல. அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் அதை அடிக்க எங்கிட்டதான் வந்தாங்க. போய் வேற எடம் பாருன்னு சொல்லியிருக்கலாம். வேற எடத்துல அடிச்சா மட்டும் இன்னா ஆயிடப் போகுதுன்னு நானே அடிச்சேன். ஒன்றரைப் பக்கம்.

வக்கீலம்மா மாடியிலேந்து எறங்கி வந்து நின்னாங்க. கையெழுத்துப் போடாதம்மான்னு ஒரு தடவை சொன்னாங்க. அந்தப் பொண்ணு அக்காவைப் பாத்துச்சு, அக்கா தரையைப் பாத்தா.

தங்கமாரி வலது கையில பேனா புடிச்சு ரெண்டு பக்கத்துலயும் பேரு எழுதுச்சு. எழுதிட்டு நின்னுடுச்சு. அப்பதான் நான் பண்ணின கூத்து எனக்கே தெரிஞ்சுது. பதினெட்டு வருஷமா எந்த வாக்குமூலம் அடிச்சாலும் அடியில ஒரு கட்டம் போட்டு, இடது கை பெருவிரல் ரேகைன்னு எழுதி வெச்சுடுவேன். யோசிக்கிறதே கெடையாது, விரல் தானா போடும். இதுலயும் போட்டு வெச்சிருந்தேன். பாவி நான்.

அந்தப் பொண்ணு துப்பட்டாவுக்குள்ள இருந்த கையை வெளிய எடுக்கல. கட்டத்தையே பாத்துச்சு. அப்புறம் எங்கிட்ட, கேலியும் இல்ல, கோவமும் இல்ல, நெஜமாவே சந்தேகம் கேட்டுச்சு.

"யக்கா, இதுல கனகக்கா ரேகைய வைக்கட்டா? வேலைக்கும் அவ பேரு, ஆஸ்பத்திரிக்கும் அவ பேருதான?"

கனகலட்சுமி வெடுக்குன்னு ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால கொண்டு போயிட்டா.

வக்கீலம்மா அந்தப் பொண்ணு கையிலேந்து பேனாவை வாங்கினாங்க. அந்தக் கட்டத்தைக் குறுக்கால ஒரு கோடு போட்டு அடிச்சாங்க. ஒரு பேப்பர்ல எதையாவது அடிச்சுத் திருத்தினா, பக்கத்துல சின்னதா கையெழுத்துப் போடணும், அது வக்கீலுங்களுக்கு ஊறிப் போன பழக்கம். அவங்க கை தானா போட்டுடுச்சு. போட்டப்புறம் அதை ரொம்ப நேரம் பாத்துக்கினு இருந்தாங்க.

மேல அவங்க அலமாரியில அந்தப் பதினோரு பக்க மனு இன்னும் கட்டினபடியே கீது. தங்கமாரிக்காக அவங்க போட்ட கையெழுத்து, இந்தப் பேப்பர்ல போட்டது ஒண்ணுதான்.