மூன்று கத்தரி

அம்மாவின் கொம்புச் சீப்பு இப்போது என்னிடம் இருக்கிறது. ஒரு ஓரத்தில் இரண்டு பல் இல்லை. சென்னையில் வேலைக்குச் சேர நான் கிளம்பிய காலையில் இதால்தான் அம்மா எனக்குத் தலைவாரிப் பின்னிவிட்டாள். என் பின்னல் இடுப்பைத் தாண்டித் தொங்கியது. பின்னியவளின் தலை மொட்டை, சந்தனம் பூசிய மொட்டை. கண்ணாடியில் இரண்டு தலையும் சேர்ந்து தெரிந்தபோது நான் குனிந்துகொண்டேன்.

அதற்கு ஒரு மாதம் முன்பு நைனா, என் அப்பா, நகரிச் சந்தையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். திருப்பதி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வராண்டாவிலிருந்து பார்த்தால் மலை தெரியும். அம்மா அந்தப் பக்கம் திரும்பி, "சாமி, இவர எழுப்பி உட்டுடு. எம் பொண்ணு முடிய ஒனக்கே குட்த்துட்றேன்" என்றாள். பக்கத்தில் நின்ற என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கும் அப்போது அது உறைக்கவில்லை. நைனா பிழைத்தால் போதும் என்று நானும் சேர்ந்து கும்பிட்டேன்.

நைனா பிழைத்தார். அதே வாரம் சென்னைக் கம்பெனியின் வேலை உத்தரவும் வந்தது. திருப்பதியில் என்னோடு கம்ப்யூட்டர் வகுப்பில் படித்த சித்தூர்க்காரர் ஒருவர் அங்கே எனக்கு முன்பே சேர்ந்திருந்தார். தெலுங்குக் குடும்பம். நான் வந்து சேர்ந்ததும் தன் வீட்டில் பேசுவதாக எழுதியிருந்தார். மொட்டைத் தலையோடு அவர் முன்னால் போய் நிற்பதை நினைத்தே பார்க்க முடியவில்லை. புது ஆபீசில் சிரிப்பார்களே என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். பொய். பயமெல்லாம் அவரை நினைத்துத்தான்.

வேலையில் சேர இரண்டு நாள் இருக்கும்போது நானும் அம்மாவும் மலைக்குப் போனோம். முடி காணிக்கை கொடுக்கும் கல்யாணக்கட்டாவில் ஈரத்தரை முழுக்க முடி. நாவிதர் என் தலையில் தண்ணீர் தெளித்துவிட்டு, "குண்டா, மூடு கத்தெரலா?" என்றார். முழு மொட்டையா, இல்லை பெண்கள் பலர் கொடுப்பதுபோல் நுனியில் மூன்று கத்தரி மட்டுமா என்று கேட்கிறார். அம்மா வாய் திறப்பதற்குள் "மூடு கத்தெரலு" என்றேன். கத்திவிட்டேன் போலிருக்கிறது, பக்கத்து வரிசையில் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா திட்டவில்லை. மறுபடி வரிசையில் போய் நின்று டோக்கனும் பாதி பிளேடும் வாங்கிவந்து, நான் எழுந்த இடத்திலேயே உட்கார்ந்தாள். "சொன்னத குட்க்காம போவ முடியுமா? நீ அப்பால போயி நில்லு" என்றாள். கோபமில்லை.

சொன்னது ஒரு தலை, கொடுத்தது வேறு தலை. ஏழுமலையான் வேண்டுதலை மறக்கவே மாட்டான் என்று சொல்லிச் சொல்லி என்னை வளர்த்தவளும் அவள்தான். சென்னைக்கு வந்தபின் ஞாயிறுதோறும் எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஊரில் பக்கத்து வீட்டுக்குப் போன் செய்வேன். அம்மா ஓடிவந்து எடுப்பதற்குள் உள்ளங்கை வேர்த்துவிடும். அவள் ஹலோ சொல்லமாட்டாள். "நைனா நல்லா கீறாரு" என்பாள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான். சாமி நைனாவைத் திரும்ப எடுத்துக்கொள்ளுமோ என்ற என் பயத்தை நான் அவளிடம் சொன்னதே இல்லை.

அந்தச் சித்தூர்க்காரரைத்தான் கட்டிக்கொண்டேன். பஸ் நெரிசலில் பின்னலோடு படாத பாடு பட்டு, இரண்டாம் வருடமே அதைத் தோளளவுக்கு வெட்டிவிட்டேன். அவர் அதைக் கவனிக்க நாலு நாளானது. இதற்கா அன்று அப்படிக் கத்தினேன் என்று குளியலறையில் உட்கார்ந்து அழுதேன்.

பன்னிரண்டு வருடம் அம்மாவின் முதல் வார்த்தை மாறவில்லை. செல்போன் வந்தபிறகும் அதேதான். பிறகு ஒரு நாள் காலையில், ஞாயிறுகூட இல்லை, அவளே கூப்பிட்டாள். "சோறு துன்னியா?" என்றாள். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நைனாவின் காரியமெல்லாம் முடிந்த மறுநாள் இந்தச் சீப்பால் அம்மாவுக்குத் தலை வாரினேன். அந்த மொட்டைக்குப் பிறகு அவள் முடி தோளுக்குக் கீழே வளரவே இல்லை. "ஒன்னால இல்லடி" என்றாள், நான் கேட்காமலே. தலையாட்டினேன். நம்பினேனா என்றால், இல்லை. கிளம்பும்போது சீப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

இப்போதும் ஞாயிறுதோறும் பேசுகிறோம். மணி அடிக்க அடிக்க இந்தச் சீப்பைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பேன். எடுத்ததும் அவள் முதலில் சொல்வது, "நா நல்லா கீறேன்."