மேலிறக்கை நுனியில் ஒரு முள்

கப்பலில் வந்த மரக்கட்டைகளில் பிடித்த இரண்டு வண்டுகள் லூர்தம்மாளின் மேசைக்கு வந்தபோதே, கூட வந்த சீட்டில் சொந்தக்காரர் பெயரைப் பார்த்தாள். மரம் குர்லாவில் டிப்போ வைத்திருந்த பிரம்மநாயகத்தினுடையது. அங்கேதான் அவள் தம்பி சேசுராஜுக்கு வேலை.

விலங்கியல் படித்த அவள், வெளிநாட்டு மரங்களில் பூச்சி பார்க்கும் ஆபீசில் இருந்தாள். வந்த வண்டுகளுக்குச் சாம்பல் முதுகு, உடம்பைவிட நீளமான உணர்கொம்பு. நம் காட்டு வண்டு ஒன்றும் அச்சு அசல் இப்படித்தான் இருக்கும். அதுவென்றால் மரத்துக்கு மருந்துப் புகை போட்டு விட்டுவிடலாம். மலாய்க் காட்டு வண்டென்றால், நம் காடுகளுக்குப் பரவாமலிருக்க மரத்தை எரித்தாக வேண்டும். நிறத்தை நம்ப முடியாது, செத்ததும் வெளுத்துப்போகும். முதுகை மூடியிருக்கும் கெட்டியான மேலிறக்கையின் நுனியைப் பார்க்க வேண்டும். நம் வண்டுக்கு அது மழுங்கியிருக்கும். மலாய் வண்டுக்குச் சின்னதாக ஒரு முள் இருக்கும்.

சேதி அதற்குள் தாராவியில் அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டது. மறுநாள் காலை, அவள் கிளம்பும் நேரம் சேசுராஜ் வாசலை மறித்தான்.

"யக்கா, மரத்த எரிச்சா மொதலாளி டிப்போவ மூடிருவாரு. நம்ம ஊரு வண்டுன்னு எழுதிரு. யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியுமேல."

"அப்ப நாங்க பட்டினி கெடக்கணும். அதானே?"

அம்மா சவரியம்மாள் அடுப்பை விட்டுத் திரும்பவில்லை.

ஆபீசில் உருப்பெருக்கியை இழுத்துக்கொண்டாள். முதல் வண்டின் இறக்கை நுனி உடைந்திருந்தது. அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இரண்டாவதில் முள் தெளிவாக இருந்தது. அதுவும் உடைந்துபோனால், 'அடையாளம் காண முடியவில்லை' என்று எழுதலாம், மரமும் தப்பும். அது பொய்யும் ஆகாது. இடுக்கியை முள்ளின்மேல் வைத்தாள். பக்கத்து மேசையில் யாரோ டீ கேட்டார்கள். இடுக்கியை எடுத்துவிட்டு, மலாய் வண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

மரம் எரிந்தது. டிப்போவுக்குப் பூட்டு விழுந்தது. சேசுராஜுக்குக் காட்கோபரில் மூட்டை தூக்கும் வேலை கிடைத்தது. வேறு வீடு பார்க்க இருவருக்கும் வழியில்லை. ஒரே அறையில், நடுவில் ஒரு பழஞ்சேலையைக் கட்டி மறைத்தார்கள். அவன் அவளுக்கு முதுகு காட்டியே சாப்பிட்டான்.

"தம்பிக்கு இன்னும் சோறு வேணுமான்னு கேளும்மா" என்பாள் லூர்தம்மாள்.

கையெட்டும் தூரத்தில் இருந்த மகனிடம் சவரியம்மாள் திரும்பி, அதையே இன்னொரு தடவை கேட்பாள்.