கழற்றச் சொன்ன பதக்கம்

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி, காலை ஒன்பது மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, என் அண்ணனின் சட்டையிலிருந்து ஒரு பதக்கத்தைக் கழற்றச் சொன்னார்கள். நேரத்தைக் குறித்து வைத்திருக்கிறேன். அன்று என்னால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.

தஞ்சாவூரில் கொடியேற்றம் முடிந்து, முன்னாள் படைவீரர்களுக்குப் பொன்னாடை போர்த்தப் பந்தலில் வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். விழாவை நடத்தியவர் ஒரு ஓய்வுபெற்ற அதிகாரி. அண்ணனைவிட இருபது வயதாவது இளையவர். கையில் பட்டியலோடு ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தார். அண்ணன் மார்பில் இரண்டு பதக்கங்கள். ஒன்று, எழுபத்தொன்றாம் ஆண்டுப் போரின்போது பணியில் இருந்த எல்லோருக்கும் கொடுத்தது. மற்றது நட்சத்திரப் பதக்கம், கிழக்கு முனைக்கே போனவர்களுக்கு மட்டும் உரியது. அதிகாரி பட்டியலையும் சட்டையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஐயா, லிஸ்ட்ல ஒண்ணுதான் இருக்கு. அந்த ஸ்டாரைக் கழட்டிடுங்க, போட்டோ எடுக்கறாங்க."

அண்ணன், அது தனக்குப் படையில் கொடுத்தது என்றார். அதிகாரி குரலை உயர்த்தவில்லை. மரியாதையாகத்தான் சொன்னார்: "இருக்கலாங்கய்யா. ஆனா இதெல்லாம் இப்பக் கடையிலயே விக்கிறாங்க பாருங்க."

அண்ணன் கழற்றினார். ஊசியைத் தேடித் தடவவில்லை, தயங்கவில்லை. ஒரே இழுப்பு. அந்த வேகத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன். எங்கள் அப்பா பண்ணையாள். மிராசுதார் வரப்பில் வருவது தெரிந்தால் தோளில் கிடக்கும் துண்டு அதே வேகத்தில் இடுப்புக்கு இறங்கும். அந்த வேகம் தன் உடம்பில் ஒட்டக் கூடாது என்றுதான் அண்ணன் பத்தொன்பது வயதில் ரயிலேறிப் பட்டாளத்துக்குப் போனார். எழுபது வயதைத் தாண்டிய பிறகு, மூவர்ணத் தோரணத்துக்குக் கீழே, அது அவரைத் தேடி வந்துவிட்டது.

வீடு திரும்பும் பேருந்தில் அண்ணன்தான் இரண்டு டிக்கெட்டும் எடுத்தார். அய்யம்பேட்டை தாண்டியதும் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னார்:

"நான் செத்தா அந்த ஸ்டாரை என் மேல வைக்காதடா. யாராவது வந்து எடுக்கச் சொல்வான்."

அப்போதே முடிவு செய்துவிட்டேன், இந்த ஆள் உயிரோடு இருக்கும்போதே பதிவைத் திருத்தியாக வேண்டும் என்று. ஏற்கெனவே ஒருமுறை நெஞ்சுவலி வந்து மருத்துவமனையில் கிடந்தவர். எத்தனை நாள் கையில் இருக்கிறது என்று தெரியாது.

எனக்கு இந்த வேலை பொருந்தும் என்று நினைத்தேன். கூட்டுறவுச் சங்கத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் எழுத்தராக இருந்தவன். வாய்க்காலில் தண்ணீர் வந்த தேதி, முதல் நடவு, கடைசி மழை என்று எங்கள் ஊருக்கு நாற்பது ஆண்டுக் குறிப்பு என்னிடம் இருக்கிறது. ஊரில் யாருக்காவது பிறந்த தேதியில் சண்டை வந்தால் என்னிடம்தான் வருவார்கள்.

அண்ணனிடம் டிஸ்சார்ஜ் புத்தகம் இருந்தது. படையிலிருந்து விடுவிக்கும்போது கொடுப்பது. அதில் பதக்கங்களுக்கு ஒரு பக்கம். இரண்டு பதக்கங்களும் அங்கே எழுதப்பட்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதை வழங்கிய ஆணையின் எண். ஆகவே பதக்கம் பொய்யில்லை. படையின் ஆவணப் பிரிவில் பழைய பதிவேட்டிலிருந்து புதியதற்கு மாற்றியபோது யாரோ ஒரு வரியை விட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான். மனு எழுதினேன். ஆணை எண்ணைச் சிவப்பு மையில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டேன்.

ஐந்து மாதம் கழித்து நான்கு வரியில் பதில். குறிப்பிட்ட ஆணையில் மேற்படி வீரரின் பெயர் காணப்படவில்லை. மறுபடி எழுதினேன். ஏழு மாதம். காணப்படவில்லை. மூன்றாவது முறை புத்தகத்தின் நகலையும் இணைத்தேன். இந்தத் தடவை பதிலில் ஒரு வரி கூடுதலாக இருந்தது: இணைக்கப்பட்ட நகலில் எழுத்துகளின் மேல் எழுதப்பட்டிருப்பது தெரிகிறது.

அந்த வரியை அண்ணனுக்கு நான் படித்துக் காட்டவில்லை.

எழுத்துகளின் மேல் எழுதியிருந்தது உண்மைதான். எழுதியவன் நான். எங்கள் வீட்டில் ஆயுத பூஜைக்கு அரிவாள், மண்வெட்டி, மோட்டார் ஸ்டார்ட்டர் எல்லாவற்றோடும் அந்தப் புத்தகத்தையும் வைப்போம். மூடி வைத்தால் சாமிக்கு எப்படித் தெரியும் என்று அண்ணி பதக்கப் பக்கத்தைத் திறந்து வைத்துச் சந்தனமும் குங்குமமும் இடுவார். ஆண்டுக்கு ஒரு பொட்டு. இருபது இருபத்தைந்து ஆண்டில் அந்தப் பக்கம் மஞ்சளேறி, மை கரைந்து, எண்கள் நிழலாகிவிட்டன. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், இப்படியே விட்டால் அழிந்துவிடும் என்று, பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகப் பால்பாயிண்ட் பேனாவால் மேலே ஓட்டினேன். ஓரத்தில் தேதியும் போட்டேன். காப்பாற்றிவிட்டோம் என்ற பெருமை வேறு.

மூன்றாவது பதில் வந்த மறுநாள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போய்ச் சத்தம் போட்டேன். போரில் பன்னிரண்டு நாள் தண்ணீரிலும் சேற்றிலும் நடந்த ஆளைத் திருடன் என்கிறீர்களா என்று கேட்டேன். மனுக்களை அனுப்பிவைக்கும் எழுத்தர் ஒரு பெண். முப்பது வயதிருக்கும். நான் ஓயும்வரை பொறுத்திருந்து சொன்னார்:

"சார், கோவிச்சுக்காதீங்க. அந்த நம்பரை ஒரு தடவை சரிபார்த்துடுங்களேன்."

"நம்பர், தேதி விஷயத்துல எனக்குச் சொல்லாதீங்கம்மா," என்றேன். அங்கே ஏழெட்டுப் பேர் நின்றார்கள்.

அந்த ஆண்டு ஐப்பசி கடைசியில் பயிர்க் காப்பீட்டுக்காகப் பட்டா நகல் தேடினோம். அண்ணனின் இரும்புப் பெட்டிக்கு அடியில் ஒரு பழுப்பு உறை கிடைத்தது. படையிலிருந்து வந்த புதிதில் அவர் வங்கிக் காவலர் வேலைக்கு மனுப் போட்டிருக்கிறார். அதற்காக டிஸ்சார்ஜ் புத்தகத்தின் பக்கங்களை நகலெடுத்து, ஊர் உயர்நிலைப்பள்ளித் தலைமையாசிரியரிடம் பச்சை மையில் சான்றொப்பம் வாங்கியிருந்தார். சந்தனம் ஏறாத பக்கம். ஆணை எண்ணின் நடு இலக்கம் மூன்று.

நான் எட்டாக்கியிருந்தேன். குங்குமக் கறை மூன்றின் இடப்பக்கத்தை மூடியிருந்தது. என் பேனா அந்தக் கறையைச் சுற்றிவந்து எட்டாக முடித்துவிட்டது. அதன் பிறகு அந்த எட்டை மூன்று மனுக்களிலும் சிவப்பில் எழுதி, கோடு போட்டு, இரண்டு ஆண்டுக்கு மேல் ஊரெல்லாம் திட்டியிருக்கிறேன்.

அண்ணன் கொல்லையில் வைக்கோல் போரைப் பிரித்துக்கொண்டிருந்தார். நகலையும் புத்தகத்தையும் கொண்டுபோய்க் காட்டினேன். இரண்டையும் நெடுநேரம் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். அறைந்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"குண்டுக்குத் தப்பிச்சேன். உன் பேனாவுக்குத் தப்பிக்க முடியலை, பாரு," என்றார். மறுபடி வைக்கோலை உருவ ஆரம்பித்துவிட்டார்.

என் கோபம் அத்தோடு தணிந்துவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். என் பங்குக்கு உரியதை நான் எடுத்துக்கொள்கிறேன். அந்த எழுத்தர் பெண்ணிடம் நேரில் போய், அதே ஏழெட்டுப் பேர் இல்லாவிட்டாலும் வேறு ஏழெட்டுப் பேர் நிற்கும்போது, தப்பு என்னுடையது என்று சொன்னேன். அவர், பரவாயில்லை சார், நாலாவது மனுவைக் கொடுங்க என்றார். ஆனால் ஆவணப் பிரிவுக்குப் போன மூன்று மனுவிலும் அண்ணனின் படை எண் இருந்தது. பிரிவின் பெயர் இருந்தது. போன தேதியும் வந்த தேதியும் இருந்தன. அவருடைய பிரிவுக்கு வந்த ஆணைகளைப் புரட்ட ஒருவருக்கு ஒரு மதியம் போதும். எண் தவறாயிருக்கலாம் என்று பதிலில் எழுத ஒரு வரி போதும். அந்த வரி எழுதப்படவில்லை. இல்லை என்று சொல்வது எளிது, அதற்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை. முதலில் வரியை விட்டவர்களும் அவர்கள்தான். நான் எட்டைப் போட்டது பதினைந்து ஆண்டுகளுக்கு முன். அவர்கள் விட்டது அதற்கும் முன்னால்.

நான்காவது மனு கார்த்திகையில் போனது. மாசியில் திருத்த ஆணை வந்தது. பதிவேடு மாற்றத்தின்போது ஏற்பட்ட விடுபாடு சரிசெய்யப்பட்டது என்று ஒரு வாக்கியம். வருந்துகிறோம் என்ற சொல் எங்காவது இருக்கிறதா என்று பின்பக்கமும் திருப்பிப் பார்த்தேன். வெற்றுத்தாள்.

அண்ணன் ஆணையை மடித்து வைத்துக்கொண்டார். பதக்கத்தை எடுத்து அணிவார் என்று எதிர்பார்த்தேன். தொடவில்லை. ஊர்ப் பள்ளியில் கொடியேற்றத்துக்குக் கூப்பிட்டார்கள், போகவில்லை. சென்ற ஆகஸ்ட் பதினைந்து அன்று மட்டும் விடியற்காலையில் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, தஞ்சாவூருக்கு வா என்றார். மார்பில் ஒரே பதக்கம், பட்டியலில் முன்பே இருந்தது. மற்றது எங்கே என்று பேருந்தில் கேட்டேன். சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார்.

அதே பந்தல். அதே அதிகாரி, கையில் புதுப் பட்டியல். அண்ணனிடம் வந்ததும் நின்றார். திருத்தம் பட்டியலில் ஏறியிருந்தது போலும். முகத்தில் நல்ல சிரிப்பு.

"உங்களுக்கு ரெண்டு இருக்கேங்கய்யா. இன்னொண்ணு போட்டுட்டு வரலீங்களா?"

அண்ணன் எழுந்தார். ஆணையை எடுத்து அவர் கையில் கொடுத்தார். பிறகு கைக்குட்டையைப் பிரித்து நட்சத்திரத்தை உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

"கழட்டச் சொன்னது நீங்க. மாட்டி விடுங்க."

அதிகாரிக்கு நினைவு வரச் சிறிது நேரமாயிற்று. வந்தது தெரிந்தது, காது வரை சிவந்தது. பட்டியலை நாற்காலியில் வைத்துவிட்டுப் பதக்கத்தை வாங்கிக்கொண்டார். வரிசையில் இருந்த கிழவர்கள் எல்லோரும் இந்தப் பக்கம் திரும்பினார்கள். ஊசி துணியில் ஏறாமல் இரண்டு முறை வழுக்கியது. மூன்றாவது முறை குத்தி முடித்துப் பின்வாங்கினார்.

அண்ணன் குனிந்து பார்த்தார்.

"தப்பு சார். ஸ்டார்தான் பெருசு. அது உள்ள வரணும், பட்டன் பக்கம். கழட்டி, சரியாப் போடுங்க."

அதிகாரி கழற்றினார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பது மணிக்கு ஏழு நிமிடம் இருந்தது.